சுடுமல்லியின் முகம்

ஆவுடைத்தாயின் கை சும்மா இருந்து இடைசெவலில் யாரும் பார்த்ததில்லை. பேசும்போதும் நடக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அந்தக் கைகளுக்கு ஏதாவது ஒரு சோலி வேண்டும். கல்யாணத்தன்று மேளம் கொட்டித் தாலி ஏறுவதற்குள், மணவறையில் விரித்திருந்த புதுப்பாயின் ஒரு மூலையைக் கோரை கோரையாக உருவி முடித்துவிட்டாள் என்று அவள் புருஷன் சோலைச்சாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். துட்டி வீட்டுக்குப் போனால் மாரடித்து அழுதுகொண்டே முற்றத்துப் புல்லைப் பிடுங்கி ஓரமாகக் குவித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கழுகுமலைக்குத் தேர் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான். தேர் நிலைக்கு வருகிறவரை கல்தளத்து இடுக்கில் கிடந்த அருகம்புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கோயில் ஆள் ஒருவர் அவளை வேலைக்கு வந்தவள் என்று நினைத்து, "அந்தப் பக்கமும் கெடக்கு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினாள்.

இப்படி ஒரு கை வாய்த்தவளுக்குக் களையெடுப்பைவிடப் பொருத்தமான வேலை உண்டா? சோலைச்சாமி கோவில்பட்டியில் மில் வேலைக்குப் போகிறவன். மூன்று குறுக்கம் கரிசல் காடும் அவள் பொறுப்பில் இருந்தது. உழவுக்கு ஆள் விடுவாள், விதைப்புக்கு ஆள் விடுவாள், களையெடுக்க மட்டும் இன்னொருத்தியை நம்பமாட்டாள். மற்றவர்கள் களைக்கொத்தை வைத்துச் செய்கிற வேலையை இவள் வெறுங்கையால் செய்வாள். குனிந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை. எது பயிர், எது களை என்று விரலுக்கே தெரியும்.

அதிலும் சுடுமல்லி என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. சோளக்காட்டில் முளைக்கிற சின்னச் செடி அது, ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். தன் வேரைச் சோளத்தின் வேரில் செருகி, இருக்கிற சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மேலே சோளம் வெளிறிப்போய் நிற்கும், கீழே இது பச்சைப்பசேலென்று நிற்கும். பூத்துக் காய்க்க விட்டால் போச்சு. ஒரே செடி தூசிமாதிரி ஆயிரமாயிரம் விதையைக் கொட்டும், அந்த விதை வருஷக்கணக்காக மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஆவுடைத்தாய்க்கு ஒன்பது வயதாயிருக்கும்போது அவள் அப்பாவின் காடு இப்படித்தான் போனது. கதிர் வாங்காத தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு மனுஷன் காட்டுப் பொழியில், வரப்புமேல் உட்கார்ந்து அழுதார். அன்றைக்குத்தான் இவள் கைக்கு இந்தப் பறப்பு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். தொட்டிலில் கிடந்தபோதே சேலையைப் பிய்த்தவள் என்பாள் அவளைப் பெற்றவள். எது எப்படியோ, மொட்டு வைத்த சுடுமல்லி அவள் காட்டில் மறுநாள் வெயிலைப் பார்த்தது கிடையாது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழி பிறந்ததும் ஜெபக்கனி வந்து இறங்கினாள். முப்பத்தோரு வயது, ஆவுடைத்தாயைவிட ஏழு வயது இளையவள். பாளையங்கோட்டையில் அப்பா விட்டுப்போன ஸ்டுடியோவை நடத்திக்கொண்டிருந்தாள். கரிசல் காட்டுச் செடிகளைப் பற்றிப் பேராசிரியர் ஒருவர் எழுதுகிற புத்தகத்துக்குப் படம் எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் கயத்தாறு போகிற முதல் பஸ்ஸில் வந்து இடைசெவலில் இறங்குவாள். தோளில் ஒரு பை, கையில் கறுப்புக் குடை, கக்கத்தில் மூன்றுகால் ஸ்டாண்டு. பையும் குடையுமாக ஒரு பொம்பளை பஸ்ஸைவிட்டு இறங்கினால் அவள் டீச்சர்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. 'நான் டீச்சர் இல்லை, போட்டோகிராபர்' என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் நாள் விட்டுவிட்டாள்.

காட்டுச்செடி எல்லாம் பேரோடு தெரிந்தவர் யார் என்று அவள் கேட்டதற்கு ஊரே ஆவுடைத்தாயைக் கைகாட்டியது. இத்தனை வருஷம் தேடித்தேடிப் பிடுங்கினவளுக்குத் தெரியாததா?

முதல் நாளே கோளாறு.

"விஷ்ணுகிராந்தி இங்கன எங்க இருக்குன்னு காட்டுங்கக்கா" என்றாள் ஜெபக்கனி.

ஆவுடைத்தாய் விறுவிறுவென்று ஓடையோரம் போனாள், குனிந்தாள், நீலப்பூவும் தானுமாக இருந்த செடியை வேரோடு பிடுங்கி நீட்டினாள். "இந்தாங்க டீச்சர்."

"ஐயோ அக்கா, காட்டத்தான சொன்னேன்!"

"காட்டியாச்சில்லா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. களையைக் காட்டுவது என்றால் அந்தப் பக்கத்தில் வேரோடு பிடுங்கிக் காட்டுவதுதான். புதிதாகக் களையெடுக்க வருகிறவர்களுக்கு அப்படித்தான் காட்டிக்கொடுப்பார்கள்: வேரைப் பார், தண்டைப் பார், இதுதான், போய் எடு. இரண்டாவது செடியையும் அப்படியே காட்டினாள். மூன்றாவதை ஜெபக்கனி ஓடிப்போய்க் குடையைக் குறுக்கே போட்டுக் காப்பாற்றினாள்.

"பிடுங்குன பூவை நான் எடுக்கதில்லக்கா" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

"பிடுங்குனா என்ன? திரும்ப ஊணி வச்சா நிக்கத்தான் போவுது. அந்தப் பெட்டிக்குத் தெரியவா போவுது?"

ஜெபக்கனி சிரிக்கவில்லை. "எங்கப்பா செத்தவங்களைப் படம் எடுக்கப் போவாவ. உயிரோட இருக்கும்போது சனங்க ஒரு படம் எடுத்திருக்காது. செத்தப்புறம் குளிப்பாட்டி, நாற்காலியில உட்கார வச்சு, மாலை போட்டு எடுப்பாங்க. தலை சாயாம பின்னால ஒளிஞ்சு நின்னு பிடிச்சுக்கிடுதது நான்தான். பத்து வயசுலருந்து பிடிச்சிருக்கேன். படத்துல பார்த்தா அவங்க சும்மா உட்கார்ந்திருக்க மாதிரிதான் இருக்கும். எனக்கு மட்டும் அந்தக் கழுத்தோட குளிர்ச்சி கையில நிக்கும். பிடுங்கி ஊணி வச்ச பூவும் அப்படித்தான்."

ஆவுடைத்தாய் அன்று பொழுது சாய்கிறவரை கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, செடிகளைத் தாடையால் காட்டினாள்.

ஜெபக்கனியின் வேலை பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. ஒரு சாக்கை விரித்துக் கரிசலில் குப்புறப் படுத்துக்கொள்வாள். நெல்லளவு பூவுக்கு முன்னால் கேமராவை வைத்துவிட்டுக் காற்று நிற்கட்டும் என்று காத்துக் கிடப்பாள். கரிசல் காட்டில் காற்று எப்போது நின்றது? வாடை ஒருபக்கம் வீசும், திடீரென்று இன்னொரு பக்கம் சுழற்றும், பூ தலையாட்டிக்கொண்டே இருக்கும். கால்மணி நேரம், அரைமணி நேரம். குடையைக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆவுடைத்தாயின் வேலை. அதைவிட அவளை அடித்திருக்கலாம். கால் மாற்றி நிற்பாள், கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிவாள், குடையின் கம்பியை எண்ணுவாள். 'இந்த நேரத்துக்கு ரெண்டு வரிசை களை எடுத்திருப்பேனே' என்று மனசு பறக்கும். இன்னும் ஒரு நொடி நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றுகிற நேரத்தில் காற்று சட்டென்று ஓயும், கேமரா 'டக்'கென்று ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் ஜெபக்கனி அவளைச் சாக்கில் படுக்கச் சொல்லி, கேமராவில் கண்ணை வைக்கச் சொன்னாள். எதிரே ஒரு கொழுஞ்சிப்பூ. ஆயிரம் தடவை மிதித்துப்போன பூ. உள்ளே பார்த்தபோது அது ஒரு வீட்டு வாசல் அகலத்துக்கு நின்றது. இதழில் ஓடிய ஊதா நரம்புகள் தெரிந்தன. ஒரு எறும்பு வந்து, யோசித்து, திரும்பிப் போனது. ஆவுடைத்தாய் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்க கையைப் பாருங்க" என்றாள் ஜெபக்கனி.

இரண்டு கையும் மண்ணில் அப்படியே கிடந்தன. விரல்கூட அசையவில்லை. ஆவுடைத்தாய்க்கு வேறு யாருடைய கையையோ பார்த்தது போல் இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கேமராக் கண்ணாடிமேல் ஒரு பைத்தியம். வெள்ளைப் பூவை உச்சி வெயிலில் எடுத்தால் வெளிறிப்போகும், மேகம் மறைக்கிறவரை பொறுக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டாள். பூவின் முகத்துக்கு நேரே கேமராவை இறக்கவும், மூச்சை அடக்கி, கேமராவில் செருகிய ஒயரின் நுனியில் உள்ள பொத்தானை அமுக்கவும் படித்தாள். ஃபிலிம் போடாமல் அமுக்கித்தான் படித்தாள், ஃபிலிம் அத்தனை அருமையாகக் கிடைத்த காலம்.

பத்தாம் நாள், அது செவ்வாய்க்கிழமை, ஜெபக்கனி சொன்னாள்: "நாளையிலருந்து மூணு நாள் கழுகுமலைப் பக்கம் போறேன்க்கா. சனிக்கிழமை காலையில இங்கன வந்துட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பணும். ரோலுல ஒரு படம் உங்களுக்கு வைக்கேன். நீங்க எடுக்கணும். எந்தப் பூன்னு நீங்களே சொல்லுங்க. நல்லா வந்தா புத்தகத்துல போடச் சொல்லுதேன்."

யோசிக்கவே இல்லை அவள். "சுடுமல்லி."

"அதை நீங்க விட்டாத்தான பூக்கும்?"

"முப்பது வருஷமாப் பிடுங்குதேன் டீச்சர். ஒருநாக்கூட அது முகத்தைப் பார்த்ததில்ல. எங்கப்பா காட்டைத் தின்னது எப்படித்தான் இருக்கும்னு பார்க்கணும்."

மறுநாள் பிடுங்குவதற்கென்று பார்த்து வைத்திருந்த ஒரு செடி கிழக்குப் பொழியோரம் நின்றது. மொட்டு வைத்திருந்தது. அதைச் சுற்றி நாலு உடைமுள்ளைக் குத்தி வைத்தாள். இந்தச் செய்தி அவ்வளவு சீக்கிரம் ஊரைச் சுற்றும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கிழக்குக் காட்டுக்காரி வெள்ளைத்தாய் அன்று மாலையே வந்து நின்றாள்.

"ஏட்டி ஆவுடை, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? சுடுமல்லிக்கு வேலி போட்டிருக்க! வெதை காத்துல வந்தா எங்காட்டுலயும்லா விழும்?"

"காய்க்க விடமாட்டேன் மதினி. சனிக்கிழமை படம் எடுத்ததும் பிடுங்கிருவேன்."

"படமா? அதுக்கா?" வெள்ளைத்தாய் வாயில் கையை வைத்தாள்.

சோலைச்சாமி வீட்டில் வேறு மாதிரி சொன்னான். "ஏட்டி, நாலு நாள் அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்துருவியா நீ? ஒன்னால முடியாது." கிண்டலாகத்தான் சொன்னான். அது அவளுக்கு முள்ளாகத் தைத்தது.

அந்த நான்கு நாளும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. புதன்கிழமை ஐந்து தடவை காட்டுக்குப் போனாள். அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் போனதில் சோறு குழைந்துபோனது. வியாழக்கிழமை தூறல் போட்டது. ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துச் செடியை மூடிவிட்டு, மூச்சு முட்டுமோ என்று போய்த் திறந்து, நனையுமோ என்று மறுபடி மூடி, கடைசியில் பக்கத்திலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்தாள். பார்க்கும்போதெல்லாம் அப்பா பொழியில் உட்கார்ந்து அழுதது ஞாபகத்துக்கு வந்தது. பிடுங்கு, பிடுங்கு என்று விரல் அரித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டின் நுனி வெளுத்துவிட்டது. நாளைக்கு விரிந்துவிடும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுஞ்சியைப் பார்த்தாளே, அப்படி முழு முகமாக, கேமராவுக்குள்தான் முதல் தடவை பார்ப்பது என்று வைராக்கியமாக இருந்தாள்.

சனிக்கிழமை பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே காட்டுக்கு வந்துவிட்டாள். முள்ளைப் பிடுங்கித் தூரப் போட்டாள். வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்கிற மட்டில் கண்ணை எடுத்துக்கொண்டு, செடிக்குப் பக்கவாட்டில், ரோட்டைப் பார்க்க உட்கார்ந்தாள். காற்று துளிகூட இல்லை. மார்கழி பிறந்ததிலிருந்து வராத ஓய்ச்சல் அன்றைக்கு வந்திருந்தது. பஸ்தான் வரவில்லை.

வெயில் எட்டிப் பார்த்தது. ஒரு லாரி போனது. இரண்டு சைக்கிள் போயிற்று. காற்று கிளம்பிவிட்டால் என்ன செய்வது? வெயில் ஏறிப் பூ வெளிறிவிட்டால்? டீச்சர் வராமலே ஊருக்குப் போய்விட்டால்? உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் பஸ்ஸின் சத்தம் கேட்டது, நின்றது, புறப்பட்டது. சோளத்தட்டைகளுக்கு மேலே கறுப்புக் குடை அசைந்து வந்தது. ஆவுடைத்தாய்க்கு உயிர் வந்தது. துள்ளி எழுந்து கையைத் தூக்கி, "டீச்சர், இங்கன!" என்று கூப்பிட்டாள்.

தூக்கிய கையில் ஒரு பிடி களை இருந்தது. சாரணை, அருகு, நடுவில் வெள்ளைப்பூவோடு சுடுமல்லி.

எப்போது பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கண் ரோட்டில் இருந்தது, கை தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருந்தது. டீச்சர் வந்து சேர இன்னும் இரண்டு பொழி தாண்டவேண்டும். அவள் சடாரென்று முழங்காலிட்டாள். செடி வந்த குழியிலேயே அதைச் செருகினாள், பனி குடித்த ஈரக் கரிசலைச் சுற்றி அணைத்து விரலால் அமுக்கினாள். கறுப்பு மண், தொட்ட தடம் தெரியவில்லை. செடி நிமிர்ந்து நின்றது.

"மன்னிச்சுக்கிடுங்கக்கா, பஸ் லேட்டு" என்று ஓடி வந்தாள் ஜெபக்கனி. குனிந்து பார்த்து, "அடேயப்பா! என்ன அழகா நிக்குது! காத்தும் இல்ல. உங்க நேரந்தான்" என்றாள். மளமளவென்று ஸ்டாண்டை விரித்துக் கேமராவை இறக்கினாள், சாக்கைப் போட்டாள், ஒயரின் நுனியை ஆவுடைத்தாயின் கையில் கொடுத்தாள். "பாருங்க. சரின்னு பட்டா அமுக்குங்க."

ஆவுடைத்தாய் கண்ணை வைத்தாள்.

ஐந்து இதழ். மேலே இரண்டு ஒன்றாய் ஒட்டிச் சின்னதாக மடிந்திருந்தன, கீழே மூன்று விரித்த கை போல் இருந்தன. பால்வெள்ளை. தொண்டைக்குள் மட்டும் லேசான மஞ்சள். தண்டு முழுக்கப் பூனைமயிர் போல் ரோமம், ஒவ்வொரு ரோமத்திலும் பனித்துளி. இதுவா? இதுவா அப்பாவின் காட்டைத் தின்றது? பகையாளியைப் பார்க்க வந்தவளுக்கு அதன் அழகைத் தாங்க முடியவில்லை, கண் நிறைந்தது. அமுக்கினால் போதும். ஒரு சத்தம், முடிந்தது. புத்தகத்தில் வரும், பக்கத்தில் அவள் பேர் வரும். சோலைச்சாமியின் வாயை அடைக்கலாம். பிடுங்கி ஊன்றியது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் கை அசையவில்லை.

"வெயில் ஏறுதுக்கா" என்றாள் ஜெபக்கனி.

ஆவுடைத்தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றே இல்லாத இடத்தில், கீழ் இதழ் ஒன்று மெதுவாகத் தொங்கியது. கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"டீச்சர், இது நாற்காலியில உட்கார வச்சது."

ஜெபக்கனிக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஈர மண் இருந்தது. பக்கத்தில் சாரணையும் அருகும் சிதறிக் கிடந்தன. அவள் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கோபம்தான் அவளுக்கு, அதை மறைக்கவும் இல்லை. இதற்காகவே கழுகுமலையில் ஒரு நல்ல பூவை எடுக்காமல் விட்டு அந்தப் படத்தை மிச்சம் வைத்திருந்தாள்.

"நான் பிடுங்கணும்னு பிடுங்கல டீச்சர்."

"தெரியுதுக்கா." ஜெபக்கனி எழுந்து சேலையைத் தட்டினாள். "வேற ஒரு பூ எடுங்க. அந்தா தும்பை நிக்கு. படம் உங்களுக்குன்னு வச்சதுதான்."

"வேண்டாம். எனக்கு இதுதான்."

பதினோரு மணி பஸ்ஸில் ஜெபக்கனி போய்விட்டாள். சாயங்காலம் சோலைச்சாமி ஒன்றுமே கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

புத்தகம் மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. அதில் சுடுமல்லிக்குப் படம் இல்லை, எழுத்து மட்டும்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே, மறு மார்கழியில் ஒரு காரியம் நடந்தது. 'இந்த வருஷம் வர வழியில்லை அக்கா' என்று ஜெபக்கனியிடமிருந்து கார்டு வந்திருந்தது. கார்டு வந்த மறுநாள் ஆவுடைத்தாய் ஒரு செடியை விட்டுவைத்தாள். முள் குத்தவில்லை, பெட்டி கவிழ்க்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

அது பூத்த அன்று, நைட் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த சோலைச்சாமி, சோளக்காட்டுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு சைக்கிளைப் பொழியில் சாய்த்துவிட்டு வந்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் அழுந்த உட்கார்ந்து, குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அவன் செடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏதோ கிண்டலாகச் சொல்ல வந்தவன் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். காற்று வீசியது, பூ தலையாட்டியது, நின்றது. வெயில் சுள்ளென்று ஏறுகிறவரை அவள் அசையவில்லை. பிறகு கையை வெளியே எடுத்தாள். இரண்டும் மரத்துப்போய் இருந்தன. அந்தக் கைகளுக்கு மரப்பு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உதறி உதறி, விரலுக்கு உணர்வு வருகிறவரை பொறுத்திருந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே அதைப் பிடுங்கினாள்.

பிடுங்கினதை மடியில் போட்டுக்கொண்டு, அடுத்த வரிசைக்குப் போனாள்.